திருத்திய இருபதாம் பதிப்பு

பள்ளிப் பிள்ளைகளுக்குக் கைடு போட்டு விற்கும் அந்தப் பதிப்பகத்தில் அவளை எல்லோரும் டெஃபனிஷன் அக்கா என்றே கூப்பிட்டார்கள். அவளைவிடப் பத்து வயது மூத்த பைண்டரும் அக்கா என்றார். முதலாளிக்கு அந்த அக்காவும் அதிகம். வெறும் 'டெஃபனிஷன்' என்று பாதியில் நிறுத்திக்கொள்வார். நவுன் என்றால் என்ன, வெர்ப் என்றால் என்ன, சிமிலிக்கும் மெட்டஃபருக்கும் என்ன வித்தியாசம், கட்டுரைக்கு முன்னுரை எதற்கு என்று இங்கிலீஷ் படிக்கிற பிள்ளைகள் தடுக்கி விழுகிற இருநூற்றுப் பன்னிரண்டு சொற்களுக்கு விளக்கம் எழுதுவது அவள் வேலை. உள்ளங்கையில் அடங்கும் சின்னப் புத்தகம், மஞ்சள் அட்டை. தேர்வு அறைக்கு வெளியே நின்றுகொண்டு பிள்ளைகள் கடைசி நிமிடத்தில் பரபரவென்று புரட்டுவது அதைத்தான்.

அட்டையில் பேராசிரியரின் பெயர் இருந்தது. பெயருக்குப் பின்னால் மூன்று பட்டங்கள், அதற்குப் பின்னால் 'ஓய்வு' என்று ஒரு சொல். அந்த ஓய்வு மட்டும் முழு உண்மை. புத்தகத்தில் அவர் ஒரு வரி எழுதியதில்லை. முதல் பதிப்பு வந்தபோது முதலாளி சொன்னார்: "உங்க பேரை யாருக்கும்மா தெரியும்? இப்போதைக்கு அவர் பேரு இருக்கட்டும். அடுத்த பதிப்புல பாத்துக்கலாம்."

அடுத்த பதிப்பிலும் பார்த்துக்கொள்ளலாம் என்றார். அதற்கடுத்த பதிப்பிலும் அதேதான். இந்த 'பாத்துக்கலாம்' என்ற சொல்லைக் கண்டுபிடித்தவனைப் பிடித்து நாலு அறை விட வேண்டும் என்று அவளுக்குத் தோன்றும். மாட்டேன் என்று சொன்னால் சண்டை போடலாம். சரி என்று சொன்னால் வேலை நடக்கும். பாத்துக்கலாம் என்று சொல்கிறவரை என்ன செய்வது? இப்படியே பத்தொன்பது பதிப்பு ஓடிவிட்டது.

நடுவில் ஒருநாள், மகள் எட்டாம் வகுப்பு படிக்கும்போது, பையைக்கூடக் கழற்றாமல் சமையலறைக்கு ஓடி வந்தாள். "அம்மா, எங்க மிஸ் சொன்னாங்க, இந்தப் பேராசிரியர் மாதிரி தெளிவா விளக்கறதுக்கு ஆளே இல்லையாம்!" கையில் மஞ்சள் அட்டைப் புத்தகம். டெஃபனிஷன் அக்கா அப்போது கழுவிக்கொண்டிருந்த தட்டை இரண்டாம் முறை கழுவினாள். 'அது நான்தான்டி' என்பது வாய் வரை வந்தது. சொன்னால் பிள்ளை பள்ளியில் போய்ச் சொல்லும், பள்ளி நம்பாது, முதலாளிக்குத் தெரிந்தால் வேலை போகும். "ஆமாமா, பெரிய அறிவாளிதான்" என்று சொல்லிவிட்டுத் தட்டைக் கவிழ்த்து வைத்தாள். மகள் வளர்ந்து, படித்து, வேறு ஊரில் வேலைக்கும் போய்விட்டாள். அந்தத் தட்டு மட்டும் அக்காவின் மனதில் இன்னும் ஈரமாக இருந்தது.

அதனால் இருபதாம் பதிப்பு வேலை தொடங்கியபோது அவள் ஒரு காரியம் செய்தாள். ஆப்பரேட்டரும் பைண்டரும் பக்கத்தில் இருக்கும் நேரமாகப் பார்த்து முதலாளியிடம் கேட்டாள்.

"சார், இந்தத் தடவை அட்டையில என் பேரு வரணும். அவர் பேரு பெரிசா இருக்கட்டும், எனக்கு ஒண்ணுமில்ல. கீழே சின்னதா என் பேரு. வருமா வராதா?"

இரண்டு சாட்சிகள் பார்த்துக்கொண்டிருந்ததால் முதலாளியால் வழுக்க முடியவில்லை. "வரும்மா, வரும். இருபதாம் பதிப்பு இல்லையா? கண்டிப்பா வரும்" என்றார். அக்கா அன்று வீட்டுக்குப் போகும் வழி முழுக்க, காலில் செருப்பு இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் நடந்தாள்.

இனி வேலைக்கு வருவோம். விளக்கம் எழுதுவதில் அவளுக்குக் கஷ்டமே இல்லை. எடுத்துக்காட்டு வாக்கியம்தான் உயிரை வாங்கும். ஒரு சொல்லுக்கு இரண்டு என்று நானூற்று இருபத்து நான்கு வாக்கியம். போட்டிப் பதிப்பகத்துக்காரன் ஒருமுறை அப்படியே காப்பி அடித்துவிட்டதிலிருந்து முதலாளி ஒரு சட்டம் போட்டிருந்தார்: ஒவ்வொரு பதிப்புக்கும் எல்லாம் புது வாக்கியம். சட்டம் போடுகிறவர் வாக்கியம் எழுதுவதில்லை என்பதுதான் அதில் உள்ள வசதி.

போதாக்குறைக்கு ஆப்பரேட்டர் ஒருவர். நாற்பத்தைந்து வயது, கழுத்துவலிக்கு எப்போதும் பட்டை மாட்டியிருப்பார், அதனால் யார் கூப்பிட்டாலும் நாற்காலியோடு சேர்ந்துதான் திரும்புவார். அச்சுப் பக்கம் எதிலும் வெற்றிடம் இருந்தால் அவருக்கு ஆகாது. "அக்கா, எடுத்துக்காட்டு வர்ற இடத்துல எதையாவது போட்டுக் குடுங்க. பக்கம் சரியா உக்காருதான்னு நான் பாக்கணும். அப்புறம் நிஜ வாக்கியத்தைக் குடுங்க, மாத்திக்கறேன்" என்பார். அப்படி எதையாவது போட்டுக் கொடுப்பதற்கு அங்கே 'ஒப்புக்கு வாக்கியம்' என்று பெயர். அளவு சரியாக இருக்க வேண்டும், இலக்கணமும் சரியாக இருக்க வேண்டும். பொருள் என்னவாக இருந்தாலும் யாருக்கும் கவலையில்லை.

யாருக்கும் கவலையில்லை என்றால் டெஃபனிஷன் அக்கா விடுவாளா? அந்த நேரத்தில் எது எரிச்சலோ அதை எழுதினாள். காலையில் அவசரமாகக் கிளம்பும்போது கட்டிலில் ஈரத்துண்டு கிடந்தால், பதினோரு மணிக்கு அது இங்கிலீஷ் வாக்கியமாக மாறிவிடும். பிரசன்ட் பர்ஃபெக்டுக்கு, 'என் கணவர் இதுவரை ஒரு டம்ளரைக்கூடக் கழுவியதில்லை.' கேள்விக்குறி போட்டாலும் பதில் எதிர்பார்க்காத கேள்வி என்று ஒரு வகை உண்டு. அதற்கு, 'இந்த வீட்டில் கை உள்ளவள் நான் ஒருத்திதானா?' ஐரனிக்கு, 'என் மேசைக்கு மேல் உள்ள ஃபேனை மாற்றுவதாக முதலாளி வாக்குக் கொடுத்திருக்கிறார். அவர் வாக்குத் தவறாதவர்.' மிகைப்படுத்திச் சொல்லும் ஹைப்பர்போலுக்கு, 'எங்கள் ஆப்பரேட்டர் ஒரு பக்கம் முடிப்பதற்குள் ஒரு குழந்தை பிறந்து கல்யாணத்துக்கு நிற்கும்.' பாசிவ் வாய்ஸுக்கு, 'இந்தப் புத்தகம் ஒரு பேராசிரியரால் எழுதப்பட்டதாக நம்பப்படுகிறது.'

தொடக்கத்தில், மூன்றாம் பக்கத்தில், ப்ராப்பர் நவுன் வரும். ஒரு ஆளுக்கே உரிய பெயர். அதற்கு ஒப்புக்கு வாக்கியமாக வருடா வருடம் அவள் ஒரே வாக்கியத்தைத்தான் போடுவாள். தன் முழுப் பெயரை எழுதி, 'இந்தப் புத்தகத்தை எழுதியவள்' என்று முடிப்பாள். இரண்டு வாரம் அது கம்ப்யூட்டரில் இருக்கும். பிறகு நிஜ வாக்கியத்தைக் கொடுப்பாள், ஆப்பரேட்டர் அழித்துவிடுவார். யாருக்கும் நஷ்டமில்லாத சின்னச் சந்தோஷம்.

பதிப்பகத்தில் இன்னொரு சட்டமும் உண்டு. எந்தப் புத்தகமானாலும் பேராசிரியர் 'சரிபார்த்தேன்' என்று கையெழுத்துப் போட்ட பிறகுதான் அச்சுக்குப் போகும். கையெழுத்து வந்த ஃபைலை ஆப்பரேட்டர் 'கையெழுத்து ஆனது' என்ற ஃபோல்டரில் போடுவார். கீழே மெஷின் ஓட்டுகிறவர் அந்த ஃபோல்டரைத் தவிர வேறெதையும் தொடமாட்டார். இதுவும் முதலாளி போட்ட சட்டம்தான். பேராசிரியர் சரிபார்ப்பது என்றால், கடைசிப் பக்கத்தைத் திருப்பி, பேனா கேட்டு வாங்கி, கையெழுத்துப் போட்டு, அந்தப் பேனாவைச் சட்டைப்பையில் செருகிக்கொள்வது.

இந்த வருடம் பேராசிரியர் மகன் வீட்டுக்குப் போய் இரண்டு மாதம் இருக்கப்போவதாகச் சொன்னார். முதலாளிக்குப் பதற்றம். "ஆள் போறதுக்குள்ள கையெழுத்தை வாங்கிடுங்கப்பா. இப்ப இருக்கற பக்கத்துலயே வாங்குங்க, அப்புறம் மாத்தறதை மாத்திக்கலாம்" என்றார். ஒப்புக்கு வாக்கியங்களோடு இருந்த கட்டு அப்படியே போனது. பேராசிரியர் கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். பேனா கேட்டார். 'சரிபார்த்தேன்.' ஆப்பரேட்டர் சட்டப்படி ஃபைலைக் 'கையெழுத்து ஆனது'க்குள் போட்டார். அடுத்த பத்து நாளில் அக்கா நிஜ வாக்கியங்கள் நானூற்று இருபத்து நான்கையும் கொடுத்தாள். அவரும் பொறுமையாக எல்லாவற்றையும் மாற்றினார், வேறொரு ஃபோல்டரில். அதில் கையெழுத்து ஆகவில்லையே! மெஷின்காரர் எது சட்டமோ அதை எடுத்து ஓட்டினார். எல்லோரும் சட்டப்படி நடந்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டை அக்காவாலும் எழுதியிருக்க முடியாது.

வியாழக்கிழமை காலை பைண்டர் புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்து அவள் மேசையில் வைத்தார். மை வாசனை போகவில்லை. அவள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு எடுத்தாள். அட்டையைப் பார்த்தாள். 'திருத்திய இருபதாம் பதிப்பு.' பேராசிரியர் பெயர், மூன்று பட்டம், ஓய்வு. அதற்குக் கீழே மஞ்சள்தான் இருந்தது. பின்னட்டையைத் திருப்பினாள். அங்கே பதிப்பகத்தின் ஃபோன் நம்பர் இருந்தது.

நேரே முதலாளி அறைக்குப் போனாள். "என் பேரு எங்க சார்?"

முதலாளி தலையைச் சொறிந்தார். "அட்டை போன மாசமே அடிச்சாச்சும்மா. பழைய பிளேட்டுலயே ஓட்டிட்டாங்க. நானே இப்பத்தான் பாக்கறேன்."

"ரெண்டு பேரு முன்னாடி சொன்னீங்களே சார்."

"சொன்னேன், இல்லைன்னு யாரு சொன்னது? இருபத்தொண்ணுல பாத்துக்கலாம்."

அவள் தன் மேசைக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தாள். தலைக்கு மேல் ஓடாத ஃபேன். ஆத்திரத்தில் கைக்கு ஏதாவது வேலை வேண்டியிருந்தது, புத்தகத்தைப் பிரித்தாள். மூன்றாம் பக்கம். தன் பெயர். இந்தப் புத்தகத்தை எழுதியவள்.

ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, அவளுக்கு நெஞ்சு நிறைந்தது. அடுத்த நொடி புரிந்துவிட்டது. மளமளவென்று புரட்டினாள். துண்டு. டம்ளர். ஃபேன். மறுபடி துண்டு. நாற்பத்தோராம் பக்கத்தில் பேராசிரியர்.

"ஐயையோ!" என்று அவள் போட்ட சத்தத்தில் ஆப்பரேட்டர் நாற்காலியோடு சுழன்றார்.

நாலாயிரம் பிரதி அடித்திருந்தார்கள். அறுநூறு முந்தின நாளே வண்டியில் ஏறிப் பள்ளிகளுக்கும் கடைகளுக்கும் போய்விட்டது. முதலாளி கத்தினார், மேசையைத் தட்டினார், தட்டிய கை வலித்ததற்கும் சேர்த்துக் கத்தினார்.

"ஏம்மா, புத்தி வேணாமா? இதெல்லாம் எழுதற விஷயமா?"

"அழிக்கறதுக்குன்னு எழுதினது சார். வருஷா வருஷம் எழுதறேன், வருஷா வருஷம் அழிஞ்சு போகுது. இந்த வருஷம் அவசரமாக் கையெழுத்து வாங்கச் சொன்னது யாரு?"

"அப்ப என் தப்பா?"

"நான் அப்படிச் சொல்லலியே. வாக்குத் தவறாதவர்னுதான் எழுதியிருக்கேன்."

முதலாளி ஆப்பரேட்டர் பக்கம் திரும்பினார். "யோவ், நீயாவது படிச்சுப் பாத்திருக்கக் கூடாதா?"

"படிக்காம எப்படி சார் அடிக்கறது? என்னைப் பத்தி எழுதுனதையும் நான்தான் அடிச்சேன்" என்றார் ஆப்பரேட்டர். முகத்தில் கோபமும் இல்லை, வருத்தமும் இல்லை. கழுத்துப் பட்டையை மட்டும் சரிசெய்துகொண்டார். அக்காவுக்கு அந்தக் குழந்தையும் கல்யாணமும் ஞாபகம் வந்து முகம் சுட்டது.

கிழித்துப் போட்டு மறுபடி அடிக்கலாம் என்றால் பேப்பர் இல்லை. பள்ளி திறந்தாகிவிட்டது, மெஷினில் மற்ற வகுப்புக் கைடுகள் வரிசையில் நின்றன. வெளியே போன அறுநூறைத் திரும்ப வாங்க விற்பனையாளர் வண்டியை எடுத்துக்கொண்டு அலைந்தார். நாற்பதோ ஐம்பதோ கிடைத்தது. மற்றவற்றைப் பிள்ளைகள் தரமாட்டேன் என்கிறார்களாம். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, பாட நேரத்தில் இலக்கணம் படித்துச் சிரிக்கிறார்களாம். இதைக் கேட்டு முதலாளி இன்னும் அதிகமாகக் கத்தினார்.

வெள்ளிக்கிழமை மாலை அவள் வீட்டுக்குப் போனபோது கணவர் சீக்கிரமே வந்து உட்கார்ந்திருந்தார். அவருக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்தும் வேலை. ஊரில் பாதிப் பேரைப் படிக்க வைத்தவர் என்று அக்கா குத்திக்காட்டுவாள், ஏனென்றால் அவர் மட்டும் அவள் எழுதிய ஒரு புத்தகத்தையும் பிரித்ததில்லை. இன்று மடியில் மஞ்சள் அட்டை இருந்தது.

"கடைக்கு வந்த ஒருத்தர் காட்டினார். 'படிச்சுப் பாருங்க சார், எந்தப் பாவப்பட்ட மனுஷனோ'ன்னு சிரிச்சார். நானும் சிரிச்சேன். பதினேழாம் பக்கத்துல சிரிப்பை நிறுத்திட்டேன்."

"பதினேழுல என்ன?"

"நீலத்துண்டு." அவர் புத்தகத்தை மூடினார். "நாலு இடத்துல வருது. நாலு! நான் எண்ணினேன். துண்டைப் பத்தி அச்சுல போடணுமா? என்கிட்டச் சொல்லக் கூடாதா?"

"சொல்லக் கூடாதாவா? இருபத்தாறு வருஷமா வேற என்னத்தைச் சொல்லிட்டிருக்கேன்?" அவள் குரல் உயர்ந்தது. "வாயால சொன்னா காதுல ஏறல. இங்கிலீஷ்ல அச்சடிச்சு, கடைக்கு எவனோ கொண்டுவந்து காட்டினாத்தான் ஏறுது!"

அவர் மூடிய புத்தகத்தை மடியில் திருப்பி வைத்தார். பிறகு, "டம்ளர் விஷயம் பொய். உனக்குக் காய்ச்சல் வந்தப்ப ஒண்ணு கழுவினேன்" என்றார்.

"அதை நான் மறுபடி கழுவினேன்" என்றாள். சண்டை அதோடு முடிந்தது. ஆனால் அவர் புத்தகத்தைக் கீழே வைக்கவில்லை. மூன்றாம் பக்கத்தைத் திறந்து கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். "மொத்தமும் நீதான் எழுதுறியா? நான் என்னவோ டைப் அடிக்கற வேலைன்னு நெனச்சுட்டிருந்தேன்" என்றார். அவள் கையிலிருந்த பையை நாற்காலியில் எறிந்துவிட்டுப் போய் முகம் கழுவினாள். நன்றாகவே அழுதாள், குழாயைத் திறந்துவிட்டு.

சனிக்கிழமை பதினோரு மணிக்குப் பேராசிரியர் ஃபோன் செய்தார். யாரோ நாற்பத்தோராம் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பியிருந்தார்கள். முதலாளிக்கு ஒரு காது மந்தம், எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். அதனால் மொத்தப் பதிப்பகமும் கேட்டது.

"என்னய்யா இது அசிங்கம்? என் பேரைப் போட்டுட்டு உள்ள துண்டு, டம்ளர்னு குப்பையைக் கொட்டி வெச்சிருக்கீங்க? என் மருமக சிரிக்கறா!"

"சார், நீங்க சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டிருக்கீங்களே..."

"கையெழுத்துப் போடறது வேற, எழுதறது வேற! நான் எழுதாததுக்கு நான் எப்படிய்யா பொறுப்பாக முடியும்?"

முன்னறையில் மேசைக்கு இந்தப்பக்கம் டெஃபனிஷன் அக்கா உட்கார்ந்திருந்தாள். அவளுக்குச் சிரிப்பு வந்ததா அழுகை வந்ததா என்று அவளுக்கே பிடிபடவில்லை. பத்தொன்பது வருடமாக அவள் சொல்ல நினைத்ததை அவரே ஸ்பீக்கரில் சொல்கிறார்.

"அதுல ஒரு வரிகூட நான் எழுதல. யாரு எழுதினாங்களோ அவங்க பேரைப் போட்டுக்கோங்க. திங்கக்கிழமைக்குள்ள என் பேரு அட்டையில இருக்கக் கூடாது. இருந்தா நான் வக்கீலைப் பாப்பேன்!"

ஃபோன் வைக்கப்பட்டது. முதலாளி நெற்றியைத் துடைத்துக்கொண்டு முன்னறைக்கு வந்தார். அட்டையை மாற்ற நேரமில்லை, பெயர் இருக்கும் இடத்தில் ஸ்டிக்கர் ஒட்டிவிடலாம் என்றார். பெயரே இல்லாமல் புத்தகம் போனால் பள்ளிகள் சந்தேகப்படும், ஏதாவது ஒரு பெயர் இருக்க வேண்டும் என்றும் அவரே சொன்னார். பிறகு அவளைப் பார்த்தார். அந்தப் பார்வையில் வாக்கைக் காப்பாற்றுகிற பெருமை துளியும் இல்லை. யாராவது ஒருவர் தலையில் கட்ட வேண்டுமே என்ற அவசரம்தான் இருந்தது.

"சரிம்மா, ஆசைப்பட்டீங்க இல்ல? உங்க பேரையே போட்டுடறேன். திட்டு வந்தா உங்களுக்குத்தான் வரும்." ஒரு காகிதத்தை இழுத்துப் பேனாவைத் திறந்தார். திறந்தவர் அப்படியே நின்றார். "உங்க... முழுப் பேரு என்ன?"

கீழே மெஷின் ஓடுகிற அதிர்வு தரையில் வந்தது. பத்தொன்பது வருடம் ஒரே கூரைக்கடியில் வேலை பார்த்தவர் கேட்கிற கேள்வி இது. அவள் வாயைத் திறந்தாள்.

"மூணாம் பக்கத்துல இருக்கு சார்" என்றார் ஆப்பரேட்டர், திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல். "வருஷா வருஷம் நான்தான் அதை அழிக்கறேன். எனக்குத் தெரியும்." அவர் விரல்கள் ஏற்கெனவே அந்தப் பெயரை அடித்துக்கொண்டிருந்தன. அன்றைக்கு மட்டும் அவர் வேகத்தைப் பற்றி அக்காவுக்கு எந்தப் புகாரும் இல்லை.

திங்கட்கிழமை காலை ஸ்டிக்கர் தாள்கள் வந்தன. ஒட்டுவதற்கு ஆள் இல்லை என்று முதலாளி சொல்லிவிட்டார். மீதி மூவாயிரத்துச் சொச்சம் புத்தகங்களையும் பைண்டிங் அறையில் அடுக்கி, அக்காவே ஒட்ட வேண்டும் என்று ஏற்பாடு. செய்த தப்புக்குத் தண்டனையாம். கணவரும் கடைக்கு அரைநாள் லீவு சொல்லிவிட்டு வந்திருந்தார். வரச் சொல்லி அவள் கூப்பிடவில்லை. அவராகத்தான் வந்தார், வந்து மேசைக்கு எதிரே ஸ்டூலைப் போட்டுக்கொண்டார். முதலாளி நடுநடுவே எட்டிப் பார்த்தார். அவர் அந்த வாரமும் ஃபேன் வாங்கவில்லை. வாங்கினால் புத்தகத்தில் உள்ள கிண்டலை அவரே ஒப்புக்கொண்டதாக ஆகிவிடுமாம்.

அவள் முதல் ஸ்டிக்கரை உரித்தாள். கருப்பு எழுத்தில் தன் பெயர், பட்டம் ஒன்று. பட்டத்தையும் ஆப்பரேட்டரே நினைவாகச் சேர்த்திருந்தார். அதை அட்டையில் வைத்து நான்கு மூலையையும் விரலால் தேய்த்தாள். நூறு புத்தகம் போல முடிந்திருக்கும், கணவர் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். நாள் முழுக்கக் கண்ணாடியைப் பார்த்தே பழகிய கண்.

"ஸ்டிக்கர் ரொம்ப மெலிசு. அடியில பழைய பேரு தெரியுது பாரு."

பார்த்தாள். தெரிந்தது. அவள் பெயரின் எழுத்துகளுக்கு நடுவே பேராசிரியரின் மூன்று பட்டங்களும் மங்கலாக எட்டிப் பார்த்தன.

முதலாளியும் குனிந்து பார்த்தார். "அட, லேசாத்தானே தெரியுது. யாரு அதையெல்லாம் உத்துப் பாக்கப்போறா? இருக்கட்டும். பாத்துக்கலாம்."

டெஃபனிஷன் அக்கா கையிலிருந்த தாளை மேசையில் வைத்தாள்.

"பாத்துக்க முடியாது சார்" என்றாள். சத்தம் போடவில்லை. "இன்னும் இவ்வளவு ஸ்டிக்கர் அடிச்சுக் குடுங்க. ஒண்ணு மேல ஒண்ணு ஒட்டணும்."

"ஒரே பேரை ரெண்டு தடவையா? பைத்தியமாம்மா உங்களுக்கு?"

"பத்தொம்பது தடவை விட்டுப் போயிருக்கு. ரெண்டு தடவை ஒட்டினா ஒண்ணும் குறைஞ்சுடாது. அடிச்சுக் குடுத்தா ஒட்டறேன். இல்லைன்னா புத்தகம் இங்கயே இருக்கட்டும், நீங்களே பேராசிரியருக்குப் பதில் சொல்லிக்குங்க."

முதலாளி அவளைப் பார்த்தார், அடுக்கைப் பார்த்தார், சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார். வண்டி மூன்று மணிக்கு. மாடிப்படியை நோக்கி ஆப்பரேட்டரைக் கூப்பிட்டார். மேலே நாற்காலி சுழலும் சத்தம் கேட்டது.

ஒரு மணி நேரத்தில் இரண்டாம் கட்டுத் தாள்கள் வந்தன. பைண்டரும் வந்து ஒரு ஓரத்தில் உட்கார்ந்துகொண்டார். இரண்டாவது ஸ்டிக்கர் ஏறியதும் அடியில் ஒன்றும் தெரியவில்லை. கணவர் வேகமாக ஒட்டிக்கொண்டே போனார். அவர் பக்கத்து அடுக்கு வளர்ந்தது. அக்கா அதிலிருந்து ஒன்றை எடுத்தாள். ஸ்டிக்கர் ஒரு பக்கமாகச் சரிந்து இருந்தது. அதற்குக் கீழே இருந்ததும் அப்படித்தான். இருபத்தாறு வருடக் குடித்தனத்தில் இந்த மனுஷன் எதைத்தான் நேராக வைத்திருக்கிறார்!

அவள் நகத்தால் மெல்ல உரித்து, அவர் கையில் திரும்பக் கொடுத்தாள்.

"கோணலா ஒட்டாதீங்க" என்றாள். "அது என் பேரு."